கவசக் கெளிறும் அதன் முட்டையும்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகு மீன் வளர்க்கும் பழக்கம் நம் நகரங்களில் இன்று நன்கு பரவியிருக்கிறது. தொட்டியின் முன்னே போய் நிற்பவர்களுடைய கண் முதலில் எங்கே செல்கிறது? நடுநீரில் பளபளத்து நீந்தும் வண்ண மீன்களின் மேல்தான். அடியில், மணலோடு மணலாக, மீசையை ஆட்டிக்கொண்டு இரை தேடும் சின்னஞ்சிறு கெளிற்றை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மற்ற மீன்கள் சிந்திய உணவைப் பொறுக்கித் தின்று தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் ஒரு வேலைக்காரன் என்ற எண்ணத்தோடுதான் பலரும் அதை வாங்குகிறார்கள்.

இந்த வேலைக்காரனின் வாழ்க்கையில் ஒரு புதிர் இருந்தது. இதன் முட்டை எவ்வாறு கருவுறுகிறது என்பதே அந்தப் புதிர். மனிதர் இந்த மீனைத் தொட்டியில் வளர்த்து இனம் பெருக்கத் தொடங்கி நூறாண்டுகள் கழிந்த பிறகே அதற்குத் தெளிவான விடை கிடைத்தது. அந்த விடையைப் பற்றியும், வீட்டுத் தொட்டியிலேயே இந்த மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் விதத்தைப் பற்றியும் இன்று உங்களிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் கெளிற்று மீன்கள் உண்டு. அவற்றின் மீசையையும், தொட்டால் கொட்டும் முள்ளையும் கிராமத்துப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். நான் சொல்லப்போகும் கெளிறோ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கோரிடோராஸ் என்பது அதன் பெயர். பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் லாசெப்பேத் 1803ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். தலைக்கவசம் என்றும், தோல் அல்லது மார்புக்கவசம் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் இது. பெயர் பொருத்தமானதே. இந்த மீனின் உடலில் சாதாரணச் செதில்கள் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும், ஓட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் அமைந்திருக்கின்றன. ஆகவே இதைக் கவசக் கெளிறு என்று நாம் அழைக்கலாம்.

இவற்றில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை நம் விரல் நீளத்துக்கு மேல் வளர்வதில்லை. சில இனங்கள் வளர்ந்த பின்னும் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று வெண்கல நிறமுடையது. அமெரிக்க அறிஞர் கில் 1858ஆம் ஆண்டில் திரினிடாட் தீவில் கிடைத்த மீனைக் கொண்டு இதை விவரித்தார். மற்றொன்று உடலெங்கும் மிளகு தூவினாற்போன்ற புள்ளிகள் உடையது. இந்தப் புள்ளிக் கெளிற்றை முதன்முதலாக விஞ்ஞான உலகத்துக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வினேதான். 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிவந்தபோது அவர் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. ஜெனின்ஸ் என்ற பாதிரியார் அதை ஆராய்ந்து 1842ஆம் ஆண்டில் பெயரிட்டார். 1870களிலேயே பாரிஸ் நகரில் கார்போனியே என்பவர் இந்தப் புள்ளிக் கெளிற்றைத் தொட்டியில் முட்டையிடச் செய்துவிட்டார். 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, கோரிடோராஸ் என்ற ஒரே பெயரின் கீழ் இருந்த இனங்களைப் பல பேரினங்களாகப் பிரித்தது. வெண்கலக் கெளிறு இப்போது ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்திலும், புள்ளிக் கெளிறு ஹாப்லிசோமா என்ற பேரினத்திலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் கடைகளிலும் வளர்ப்பவர் வாயிலும் பழைய பெயரே வழங்குகிறது.

முட்டையிடும் விதத்தைச் சொல்வதற்கு முன், இந்த மீன் மூச்சு விடும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அது பின்னால் விளங்கும்.

கவசக் கெளிறு உள்ள தொட்டியின் முன் கால் மணி நேரம் அமர்ந்து பாருங்கள். மணலில் அமைதியாக இருக்கும் மீன் திடீரென்று அம்புபோல மேலே பாயும். நீரின் மேற்பரப்பில் வாயை வைத்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு, வந்த வேகத்திலேயே கீழே திரும்பிவிடும். எல்லா மீன்களையும்போல இதற்கும் செவுள்கள் உண்டு. ஆனால் இது வாழும் ஓடைகளில் சில காலங்களில் நீரில் கரைந்த பிராணவாயு குறைந்துவிடும். அப்போது செவுள் மட்டும் போதாது. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டைக்கும் விராலுக்கும் காற்றைச் சுவாசிக்கத் தலைப்பகுதியில் தனி அறைகள் அமைந்துள்ளன. கவசக் கெளிறு அந்த வேலைக்குத் தன் குடலையே பயன்படுத்துகிறது. விழுங்கிய காற்று குடலின் பின்பகுதிக்குச் செல்கிறது. அங்கே குடற்சுவர் மெல்லியதாக, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்ததாக இருக்கிறது. பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சிய காற்று மலவாய் வழியே வெளியேறுகிறது. வாயில் புகுந்த பொருளை விரைவாகப் பின்வாசலுக்குக் கொண்டுசேர்க்கும் குடல் இந்த மீனுக்கு உண்டு என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்வது எப்படி? என் வீட்டில் இருப்பவை வெண்கலக் கெளிறுகள். சென்னைக் கொளத்தூரில் அழகு மீன்களுக்கென்றே கடைவீதி இருக்கிறது. அங்கிருந்து குஞ்சுகளாக ஆறு மீன்களை வாங்கிவந்தேன். இது கூட்டமாக வாழும் மீன். ஒன்றையோ இரண்டையோ வாங்கித் தனியே விட்டால் மூலையில் ஒதுங்கிவிடும். ஆறு இருந்தால்தான் அதன் இயல்பு வெளிப்படும். அறுபது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி இவற்றுக்குப் போதும். அடியில் மெல்லிய ஆற்று மணல் பரப்ப வேண்டும். கூர்மையான கற்களும், தேங்கிய அழுக்கும் அதன் மீசையை அரித்துவிடும். மீசை போனால் இரை தேடும் கருவியே போயிற்று. குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்க மருந்து கலந்திருக்குமாதலால், அதை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தே ஊற்றுகிறேன்.

குஞ்சாக இருக்கும்போது ஆண் எது, பெண் எது என்று சொல்ல முடியாது. ஓராண்டு வளர்ந்த பின் மேலிருந்து நோக்கினால் தெரியும். பெண் பருத்து, வயிறு அகன்றிருக்கும். ஆண் சிறுத்து ஒல்லியாக இருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் இருப்பது நல்லது. முட்டையிடும் காலத்துக்கு முன் சில வாரங்கள் ஊட்டமான உணவு தர வேண்டும். கொசுப்புழு, பொடியாக நறுக்கிய மண்புழு போன்ற உயிருணவு தந்தால் பெண் மீனின் வயிறு முட்டைகளால் நிறைவதைக் கண்ணால் காணலாம்.

வயிறு நிறைந்தால் மட்டும் முட்டை வந்துவிடாது. மழை வர வேண்டும். இது பிறந்த நாட்டில் மழைக்காலம் தொடங்கியதும் ஆறுகள் கரை புரளும். தாழ்ந்த நிலங்களில் புது நீர் பரவும். நீரின் வெப்பம் சற்றுத் தணியும். புது நீரில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் பெருகும். அந்தச் சமயத்தில் பிறக்கும் குஞ்சுக்கு உணவு எளிதில் கிடைக்கும். ஆகவே மழையின் அறிகுறியைக் கண்டால் முட்டையிடும் குணம் இந்த மீன்களிடம் வழிவழியாக ஊன்றிவிட்டது. வீட்டில் வளர்ப்பவர்கள் இதை அறிந்து, தொட்டி நீரில் பாதியை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றுகிறார்கள். இதற்கு நம் வீட்டு மண்பானையைவிட நல்ல கருவி கிடையாது. பானையில் இரவு முழுவதும் இருந்த நீர் அறையின் வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். அதைத் துளைகள் இட்ட தகரக் குவளை வழியே சாரல்போல விட்டால், தொட்டியில் ஒரு சிறு மழையே பெய்துவிடும்.

என் தொட்டியில் மீன்கள் முதலில் முட்டையிட்டது ஐப்பசி மாதத்தில், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் தோன்றி இரண்டு நாள் விடாமல் மழை பெய்த சமயத்தில். முதல் நாள் மாலை பானை நீர் ஊற்றியிருந்தேன். மறுநாள் விடியற்காலையில் ஆரம்பித்துவிட்டன. காற்றழுத்தம் குறைவதை இம்மீன்கள் உணர்கின்றன என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வதுண்டு. என் தொட்டியில் குளிர்ந்த நீரும் காற்றழுத்தக் குறைவும் ஒருங்கே வந்தன. அவற்றில் எது மீன்களைத் தூண்டியது என்று அந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்ல இயலாது. இரண்டு காரணங்கள் சேர்ந்து வரும்போது ஒன்றைப் பிரித்து எடுத்துச் சோதித்தால்தான் உண்மை விளங்கும். இதையும் நினைவில் வையுங்கள்.

முட்டையிடும் காட்சியை வருணிக்கிறேன். முதலில் ஆண் மீன்கள் பெண்ணைத் துரத்தும். பெண் தொட்டிச் சுவரோரமாக மேலும் கீழும் விரைந்து நீந்தும். ஆண்கள் அதன் முதுகிலும் பக்கத்திலும் தம் மீசையால் வருடிக்கொண்டே உடன் செல்லும். பிறகு ஓர் ஆண், பெண்ணின் முகத்துக்கு எதிரே குறுக்காக வந்து நிற்கும். பெண் தன் வாயை ஆணின் அடிவயிற்றில், இனத்துளையின் அருகே ஒட்டவைத்துக்கொள்ளும். ஆண் தன் பக்கத் துடுப்பால் பெண்ணின் மீசையை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். ஒன்று நேராகவும் மற்றொன்று குறுக்காகவும் இருக்கும் இந்நிலை, தச்சர் கையிலுள்ள கொட்டாப்புளியின் பிடியையும் தலையையும் போலத் தோன்றும். இரண்டும் சில நொடிகள் அசையாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அதே சமயத்தில் பெண் தன் வயிற்றடித் துடுப்புகள் இரண்டையும் கூப்பிய கைகளைப்போலச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பைக்குள் இரண்டு, மூன்று, சில வேளை நான்கு முட்டைகள் விழும்.

பிறகு ஆண் விலகிவிடும். பெண் முட்டைகளைத் துடுப்புப் பையில் ஏந்தியபடியே தொட்டியைச் சுற்றி வரும். கண்ணாடிச் சுவரில் ஓர் இடத்தைத் தேர்ந்து, முதலில் அதை வாயால் தடவித் துடைக்கும். அப்புறம் வயிற்றை அங்கே அழுத்தி முட்டைகளை ஒட்டும். முட்டை கடுகளவே இருக்கும். அதன் மேலுள்ள பசை கண்ணாடியை இறுகப் பற்றிக்கொள்ளும். சற்று இளைப்பாறி மீண்டும் ஆணிடம் செல்லும். இப்படி ஒரு காலைப்பொழுது முழுவதும் திரும்பத் திரும்ப நடக்கும். அன்று என் தொட்டிச் சுவரில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை எண்ணினேன்.

இப்போது புதிருக்கு வருவோம். பெரும்பாலான மீன்களில் பெண் முட்டையிட்டதும் ஆண் அதன் மேல் விந்தணுக்களைப் பொழிந்து கருவூட்டும். இங்கே அப்படியில்லை. முட்டை விழும்போது அது பெண்ணின் துடுப்புப் பைக்குள் இருக்கிறது. ஆணின் இனத்துளையோ பெண்ணின் வாயருகே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பெண்ணின் உடல் நீளம் முழுவதும் தடையாக நிற்கிறது. பின் விந்தணு எவ்வழியாக முட்டையை அடைகிறது?

வளர்ப்பவர்கள் பலவாறு ஊகித்தார்கள். பெண் விந்தணுவை வாயில் வைத்துக்கொண்டு போய், கண்ணாடியைத் தடவும்போது அதில் பூசுகிறது, பிறகு அங்கே முட்டையை ஒட்டுகிறது என்றார்கள் சிலர். கண்ணாடியைத் துடைப்பதை அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். விந்தணு நீரில் கலந்து, மீன்களின் அசைவால் பின்புறம் தள்ளப்பட்டு முட்டையை அடைகிறது என்றார்கள் வேறு சிலர். இரு சாராரும் கண்ணால் கண்டதையே சொன்னார்கள். கண்டது ஒன்றே, கருத்துகள் இரண்டு. வெறும் பார்வையால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

1995ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி கோடாவும் அவருடைய தோழர்களும் வெண்கலக் கெளிற்றைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. பெண் தன் வாயை ஆணின் வயிற்றில் ஒட்டியிருக்கும் அந்த நொடியில், வாயருகே சிறிது நீலச் சாயத்தை விட்டார்கள். சாயம் பெண்ணின் வாய்க்குள் சென்றது. சில நொடிகளிலேயே அது பெண்ணின் மலவாய் வழியே, முட்டைகள் இருக்கும் துடுப்புப் பைக்குள் வெளிவந்தது! பெண் மீன் விந்தணுவைக் குடிக்கிறது; அது குடல் வழியே விரைந்து சென்று, துடுப்புப் பைக்குள் முட்டையோடு கலக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

குடலுக்குள் போன பொருள் செரிக்காமல் எப்படி வெளிவரும் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். இங்கேதான் மூச்சு விடும் செய்தியை நினைவுகூர வேண்டும். விழுங்கிய காற்றை ஓயாமல் பின்வாசலுக்கு அனுப்பிப் பழகிய குடல் அது. சில நொடிகளில் கடந்துவிடும் பொருளைச் செரிக்க நேரம் ஏது? பிராணவாயு குறைந்த நீரில் உயிர் பிழைப்பதற்கு அமைந்த வழி, இனம் பெருக்குவதற்கும் உதவியிருக்கிறது என்று கருத இடம் இருக்கிறது. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஓடும் நீரில் விந்தணு சிதறி வீணாகாது. பல ஆண்கள் சூழ்ந்து துரத்தினாலும், பெண் எந்த ஆணோடு சேர்ந்து நின்றதோ அதன் விந்தணுவே முட்டையை அடையும்.

முட்டையிட்டதோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடுகிறது. முடிந்துவிடுவது மட்டுமா? சற்று நேரம் கழித்துப் பசி எடுத்தால், ஒட்டிய முட்டைகளைத் தாமே தின்னவும் தொடங்கும். எனவே முட்டைகளைப் பிரித்தாக வேண்டும். இரண்டொரு மணி நேரத்தில் முட்டையின் தோல் இறுகிவிடும். பிறகு விரல் நுனியால் மெல்ல உருட்டினால் நசுங்காமல் பெயர்ந்து வரும். அவற்றைத் தொட்டி நீரே நிரப்பிய ஆழமில்லாத பாத்திரத்தில் இட்டு, காற்றுக் குமிழிகள் மெதுவாக எழும்படி செய்ய வேண்டும். கருவுற்ற முட்டை நாளுக்கு நாள் பழுப்பு நிறம் அடையும். கருவுறாதது பால்போல வெளுத்துப் பூஞ்சணம் பூக்கும். பூஞ்சணம் பக்கத்து முட்டைக்கும் பரவுமாதலால் வெளுத்தவற்றை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். மெத்திலீன் நீலம் சில துளிகள் விட்டால் பூஞ்சணம் கட்டுப்படும்.

மூன்று முதல் ஐந்து நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். இரண்டு நாட்களுக்கு அவற்றுக்கு நாம் உணவிட வேண்டியதில்லை. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சட் கருவே உணவு. அது தீர்ந்ததும் பசி வரும். வாயோ ஊசிமுனையளவு. உப்பு நீரில் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை வடிகட்டி, நல்ல நீரில் அலசிச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களே கண்டம். மிஞ்சிய உணவு ஓரிரவில் நீரைக் கெடுத்துவிடும். காலையில் ஒரு குஞ்சும் இராது. ஆகவே குறைவாக உணவு, அடிக்கடி நீர் மாற்றம் என்பதே இதற்கு மந்திரம். இந்த வயதிலேயே குட்டி மீசையை ஆட்டிக்கொண்டு அவை பாத்திரத்தின் அடியைத் துழாவுவதைக் காண்பது தனி இன்பம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நூறு குஞ்சு பிழைத்தால் அத்தனைக்கும் ஒரு தொட்டியில் இடமிராது. நண்பர்களுக்குத் தரலாம், கடைக்காரரிடம் கொடுக்கலாம். குளத்திலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடக் கூடாது. இதே தென் அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கவச மீன் இருக்கிறது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று சொல்லிக் கடைகளில் விற்கிறார்கள். அது முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிடும். வளர்ந்ததும் இடமில்லாமல் சிலர் நீர்நிலைகளில் விட்டார்கள். இன்று அது தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பறித்துக்கொண்டிருக்கிறது. இரக்கத்தால் செய்யும் செயலும் கேடாக முடியும் என்பதற்கு இது சான்று.

மாணவ நண்பர்களே, வெண்கலக் கெளிற்றின் புதிர் தீர்ந்துவிட்டது. எனினும் மற்ற நூற்றுக்கணக்கான கவசக் கெளிறுகள் அனைத்தும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றனவா என்பதை ஒவ்வோர் இனமாகப் பார்த்தே சொல்ல வேண்டும். மழையும் காற்றழுத்தமும் பற்றிய கேள்வியையும் நீங்களே சோதிக்கலாம். மழையில்லாத நாளில் ஒரு தொட்டிக்குக் குளிர்ந்த நீரும், அருகிலுள்ள மற்றொரு தொட்டிக்கு அறை வெப்பத்திலுள்ள நீரும் ஊற்றிப் பாருங்கள். மழைநாளில் நீர் மாற்றாமல் விட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், நீரின் வெப்பம், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவாருங்கள். ஒரு முறை நடந்ததைக் கொண்டு முடிவு கட்டாமல், பல முறை செய்து பாருங்கள். அந்த நீலச் சாயத்துக்கு வேண்டிய செலவு அற்பம். அதை எங்கே, எப்போது விட வேண்டும் என்று கண்டவர்களின் பொறுமைதான் அரியது. அந்தப் பொறுமையைப் பழகுவதற்கு அடிமணலில் மீசை ஆட்டும் இந்தச் சிறு கெளிறு போதும்.